ஸ்லாப் வளைவுக்கு எந்த எண்முறை? தொய்வு பொருந்துகிறது, மொமென்ட் ஏன் பொருந்தவில்லை?

தக்கலைப் பக்கத்திலிருந்து சிவில் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. 4 மீட்டருக்கு 4 மீட்டர் அறை. 125 மி.மீ. கனத்தில் வார்ப்பு, நான்கு பக்கமும் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சுமை சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன். பக்கத்துக்கு நான்கு கட்டம் வைத்து ஃபைனைட் டிஃபரன்ஸ் முறையில் (கட்டப் புள்ளிகளுக்கு இடையே வித்தியாசம் எடுத்துப் போடுவது) கையால் போட்டபோது நடுவில் தொய்வு 1.63 மி.மீ., மொமென்ட் (ஸ்லாபை வளைக்கும் திருப்பு விசை) மீட்டர் அகலத்துக்கு 4.39 கிலோநியூட்டன் மீட்டர். சாஃப்ட்வேரில் ஃபைனைட் எலிமென்ட் முறையில் (ஸ்லாபைச் சிறு துண்டுகளாக்கி ஒட்டிப் போடுவது) 1.64 மி.மீ., 4.24. புத்தக அட்டவணைப்படி மொமென்ட் 4.60. போதாததற்கு சாஃப்ட்வேர் நான்கு மூலையிலும் 7 கிலோநியூட்டன் எதிர்விசையை, அதாவது ரியாக்‌ஷனைக் கீழ்நோக்கிக் காட்டுகிறது. "எந்த முறை சரி, சார்? எதை நம்புவது?"

தம்பி, சாஃப்ட்வேர் கொடுத்ததை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டாமல் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் என் பாராட்டு. அப்படிப் பார்த்ததால்தான் இந்தக் கேள்வி உங்களுக்கு வந்தது.

மொமென்ட் எண்கள் பொருந்தாததற்கு முதல் காரணம் முறை அல்ல, பாய்சான் விகிதம்; அதாவது ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற விகிதம். உங்கள் தொய்வைப் பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன். எம் 20 தரக் கான்கிரீட்டின் மீள்தன்மை எண்ணுக்கு, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியக் கோட் (தர விதி) ஐ.எஸ். 456 சொல்லும் 5000 × √20, அதாவது சதுர மி.மீ.க்குச் சுமார் 22,360 நியூட்டன். கனம் 125, பாய்சான் விகிதம் 0.2 என்று வைத்தால் தகட்டின் (கணக்கில் ஸ்லாபை இப்படித்தான் சொல்வோம்) விறைப்பு 3,790 கிலோநியூட்டன் மீட்டர். அதிலிருந்துதான் உங்கள் 1.63 வருகிறது. ஆனால் 4.39 என்ற மொமென்ட் 0.2-ல் வராது. 0.3 போட்டால்தான் வரும். விறைப்புக்குக் கான்கிரீட்டின் எண்ணைப் போட்டுவிட்டு, மொமென்ட் வரும்போது புத்தகத்தில் இருந்த 0.3-ஐ எடுத்துவிட்டீர்கள். பழைய அட்டவணைகளில் பல இரும்புத் தகட்டை மனதில் வைத்து 0.3-ல் போட்டவை. சதுரத் தகட்டின் நடு மொமென்டுக்கு 0.0479 என்று நீங்கள் பார்த்த குணகமும் அப்படித்தான். 0.2-க்கு அது 0.0442. சுமை × பக்கத்தின் வர்க்கம் 96; பெருக்கினால் 4.24. சாஃப்ட்வேர் சொன்னது சரி.

உங்கள் கைக்கணக்கை 0.2-லேயே முடித்திருந்தால் 4.05 வந்திருக்கும். அதாவது உண்மையான விடையைவிட சுமார் 4.5 சதவீதம் குறைவு. 4.39 என்று பார்த்தபோது வித்தியாசம் சின்னதாகத் தெரிந்ததற்குக் காரணம், கட்டம் பெரிதாக இருந்ததால் வந்த குறையைப் பாய்சான் தவறு மேலே தூக்கிவிட்டதுதான். இரண்டு தவறு ஒன்றையொன்று மறைத்துவிட்டன. இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொய்வு பொருந்தினால் மொமென்டும் பொருந்தும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. கம்பி போடுவது மொமென்டை வைத்துத்தான்.

ஏன் இப்படி என்று பார்க்க ஒரே ஒரு புள்ளி போதும். தகட்டுச் சமன்பாடு நான்காம் படி வகைக்கெழு என்பதால் பயமுறுத்தும். ஆனால் நேரான, சும்மா உட்கார்ந்த விளிம்புகள் இருந்தால் அதை இரண்டாகப் பிரித்துவிடலாம். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் காயப்போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைவிட மெல்லிசான ரப்பர் தாள் ஒன்றைச் சதுரச் சட்டத்தில் இழுத்துக் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் சுமையை ஒரே சீராகப் பரப்பினால் தாள் எவ்வளவு குழிகிறதோ, அதுதான் இரு திசை மொமென்டையும் கூட்டி, ஒன்றோடு பாய்சான் விகிதத்தைச் சேர்த்த எண்ணால் வகுத்த அளவு. இப்போது அந்தக் குழிவின் வடிவத்தையே சுமையாக எடுத்து, இன்னொரு தாள்மேல் வையுங்கள். இரண்டாம் தாள் குழிவதுதான் ஸ்லாபின் தொய்வு. 1920-களில் மார்கஸ் இந்த வழியை வலைக் கணக்காகவே செய்து காட்டினார்.

பக்கத்தை இரண்டாகப் பிரித்தால் உள்ளே ஒரே புள்ளி, நடுப்புள்ளி. சுற்றி நான்கு பக்கமும் பூஜ்யம். முதல் தாளில் நடுக் குழிவு, சுமை × கட்ட அளவின் வர்க்கம் ÷ 4. அதாவது சுமை × பக்கத்தின் வர்க்கத்தில் 16-ல் ஒரு பங்கு. இரண்டாம் தாளில் அதையே மறுபடி செய்தால் தொய்வுக் குணகம் 256-ல் ஒன்று, 0.00391. சரியான விடை 0.00406. ஒரே ஒரு புள்ளியை வைத்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் போடக்கூடிய கணக்கில், 4 சதவீதத்துக்குள் வந்துவிட்டோம்! ஆனால் அதே கணக்கில் மொமென்ட் 15 சதவீதம் குறைவு.

நீங்கள் போட்ட நான்கு கட்டத்தில் தொய்வு 0.00403. பிழை 1 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. மொமென்டில் இன்னும் 4.5 சதவீதம் பாக்கி. தொய்வு என்பது கூட்டிச் சேர்த்துக் கிடைப்பது. கூட்டும்போது மேடு பள்ளம் அடங்கிவிடும். மொமென்ட் என்பது வளைவு, இரண்டு முறை வகைக்கெழு எடுத்த அளவு. அங்கே ஒவ்வொரு மேடு பள்ளமும் பெரிதாகத் தெரியும். நவியர் 1820-களில் கொடுத்த சைன் தொடரில் முதல் உறுப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள்: தொய்வு 2.4 சதவீதம் கூடுதல், மொமென்ட் 11 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். திசை மாறினாலும் கதை அதேதான்.

இன்னொரு நல்ல பழக்கம் சொல்கிறேன். கட்ட அளவைப் பாதியாக்கினால் பிழை ஏறக்குறைய கால்வாசியாகும் என்பதால், இரண்டு விடையையும் சேர்த்து மூன்றாவது ஒன்றைச் செய்யலாம். நுணுக்கமான விடையை நான்கால் பெருக்கி, முரட்டு விடையைக் கழித்து, மூன்றால் வகுக்க வேண்டும். ரிச்சர்ட்சன் வழி இது. தொய்வுக் குணகம் 0.00407 வரும். உங்கள் மொமென்டும் 4.05-லிருந்து 4.20-க்கு வந்துவிடும். ஒரு புள்ளிக் கணக்கையும் நான்கு கட்டக் கணக்கையும் மட்டும் வைத்து, சாஃப்ட்வேருக்கு 1 சதவீதத்துக்குள் வந்து நிற்கிறீர்கள். எக்செல்லில் செய்வது இன்னும் எளிது. ஒவ்வொரு செல்லும் சுற்றியிருக்கும் நான்கு செல்லின் கூட்டுத்தொகையோடு சுமைப் பங்கைச் சேர்த்து நான்கால் வகுத்தது என்று எழுதி, திரும்பத் திரும்பக் கணக்கிட விட்டால் போதும். அப்படி ஒரு தாளில் எண்கள் மெல்ல மெல்ல அடங்கி நிற்பதைப் பார்த்த பிறகு மெஷ் (கட்ட வலை) என்ற சொல்லே வேறு மாதிரிப் புரியும்.

சரி, அப்படியென்றால் ஃபைனைட் டிஃபரன்ஸ் போதுமே என்று தோன்றும். விளிம்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கு பக்கமும் இறுகப் பிடித்த ஸ்லாப். இங்கே விளிம்பில் மொமென்ட் என்னவென்று முன்கூட்டித் தெரியாது, அதனால் ரப்பர் தாள் வித்தை நடக்காது. பதிமூன்று புள்ளி வாய்ப்பாட்டுக்குப் போக வேண்டும்: நடுவில் 20, பக்கத்துப் புள்ளிகளுக்குக் கழித்தல் 8, மூலைவிட்டப் புள்ளிகளுக்கு 2, இரண்டு தள்ளி இருப்பவற்றுக்கு 1. விளிம்புக்கு வெளியே ஒரு கற்பனைப் புள்ளி வைத்து, உள்ளே இருப்பதன் பிம்பமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளிக் கணக்கில் 24 × தொய்வு என்று முடிந்து, குணகம் 384-ல் ஒன்று, 0.0026 வரும். சரியான விடை 0.00126. இரண்டு மடங்குக்கும் மேல்! நான்கு கட்டம் வைத்துத் தீர்த்தாலும் 0.0018, 40 சதவீதத்துக்கு மேல் கூடுதல். அதே சமயம் விளிம்பு நடுவில் மொமென்ட் 0.0386 என்று வரும், சரியானது 0.0513. நன்றாகக் கவனியுங்கள், தொய்வு அதிகமாகக் காட்டுகிறது, விளிம்பு மொமென்டைக் குறைத்துக் காட்டுகிறது. தொய்வை மட்டும் பார்த்துவிட்டு "பாதுகாப்பான பக்கம்தான்" என்று ஒருவர் விட்டுவிட்டால், சுவர் ஓரத்து மேல்கம்பி கால்வாசி குறைந்துபோகும்.

அதே கட்டம், அதே சமன்பாடு. விளிம்பு மாறியதும் பிழை 1 சதவீதத்திலிருந்து 40-க்குப் போய்விட்டது. முறையைப் பற்றி நான்கு கேள்வி கேட்பவர்கள், விளிம்பைப் பற்றி ஆறு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது உங்கள் மூலைக்கு வருவோம். அது சாஃப்ட்வேர் பிழை இல்லை. வீட்டில் ஒரு சதுர அட்டைப்பெட்டியைத் திறந்து வைத்து, அதன் வாய்மேல் பழைய காலண்டர் அட்டையைச் சரியான அளவுக்கு வெட்டி வையுங்கள். நடுவில் விரலால் அழுத்துங்கள். நான்கு மூலையும் மேலே எழும்பும். அதைக் கீழே பிடித்து வைக்க ஒரு விசை வேண்டும். முறுக்கு மொமென்ட் மூலையில் வந்து சேர்வதால் எழும் விசை அது. விளிம்பில் முறுக்கையும் வெட்டுவிசையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று 1850-ல் கிர்ஹாஃப் தெளிவாக்கினார். பாய்சான் 0.2-க்கு மூலை விசை சுமை × பக்கத்தின் வர்க்கத்தில் சுமார் 0.074 பங்கு, உங்கள் ஸ்லாபுக்கு 7.1 கிலோநியூட்டன். நான்கு மூலைக்கும் சேர்த்து 28-க்கு மேல். அதனால் விளிம்புகள் மொத்தச் சுமையான 96-ஐ அல்ல, 124-க்கு மேல் தாங்குகின்றன. ரியாக்‌ஷனைக் கூட்டும்போது மூலையை விட்டுவிட்டால் கணக்கு இடிக்கும்.

மூலையைக் கீழே பிடித்து வைப்பது எது? நம்ம ஊர் வீடுகளில் பெரும்பாலும் கைப்பிடிச் சுவரின் எடைதான். மாடி எழுப்பாமல், கைப்பிடிச் சுவரும் கட்டாமல் வருஷக்கணக்கில் விட்ட வீடுகளில் வார்ப்புக்குக் கீழே மூலையில் கிடைமட்டமாக ஒரு விரிசல் ஓடியிருக்கும். ஸ்லாபின் மேல்பக்கம் மூலைக்குக் குறுக்கே சாய்வாக இன்னொன்று. குளச்சல், முட்டம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் அந்த மேல் விரிசல் சும்மா இருக்காது. மழைநீரும் உப்பும் இறங்கி, கம்பி துருவேறி, கான்கிரீட் பெயர்ந்து விழும்.

ஃபைனைட் எலிமென்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1956-ல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் விமான இறக்கைக்காகத் தொடங்கிய வழி. அந்தப் பெயரை 1960-ல் கிளஃப் வைத்தார். தகட்டில் இது பட்ட பாடு சுவையானது. மெல்லிய தகட்டுக் கொள்கைப்படி எலிமென்டுகள் சேரும் இடத்தில் தொய்வு மட்டும் ஒட்டினால் போதாது, சரிவும் ஒட்ட வேண்டும். ஓடு மேயும்போது இரண்டு ஓடும் ஒரே உயரத்தில் தொட்டால் மட்டும் போதாது, மடிப்பே தெரியாமல் ஒரே வளைவாகப் போக வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவ்வளவு கஷ்டம். அதைச் சரியாகச் செய்யும் செவ்வக எலிமென்டுக்கு 16 எண்கள் தேவை, அதுவும் செவ்வகத்துக்குத்தான் சரிவரும்.

அதனால் பலர் ரைஸ்னர் (1945), மிண்ட்லின் (1951) காட்டிய தடித்த தகட்டுக் கொள்கைக்கு மாறினார்கள். அங்கே தொய்வும் சரிவும் தனித்தனி, ஒட்டவைப்பது சுலபம். ஆனால் அங்கே வேறொரு வம்பு: தகடு மெலிய மெலிய எலிமென்ட் பூட்டுப்போட்ட மாதிரி விறைத்துக்கொள்ளும். தொய்வு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று சொல்லும். 1970-களில் ஒருங்கிணைக்கும் புள்ளிகளைக் குறைத்து அதைத் தளர்த்தினார்கள். 1985-ல் பாத்தேயும் துவோர்கினும் கொடுத்த நான்கு முனை எலிமென்ட் இன்னும் ஒழுங்கான தீர்வு. உங்கள் சாஃப்ட்வேரின் கையேட்டில் எந்த எலிமென்ட் என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்து ரிப்போர்ட்டில் எழுதுங்கள். மூலையில் தனியாக 7 காட்டியிருப்பதால் உங்களுடையது மெல்லிய தகட்டு வகையாக இருக்கலாம். தடித்த வகையில், விளிம்பில் சரிவைத் தளர விட்டிருந்தால், அந்த விசை மூலைக்கு அருகே சில முனைகளில் பரவித் தெரியும்.

விளிம்பு எப்படி ஏமாற்றும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கிணற்று மூடி. நம்ம மாவட்டத்தில் கிணறு இல்லாத வீடு குறைவு. வட்டமான மூடி ஸ்லாப், சுற்றிலும் சும்மா உட்கார்ந்தது. வட்டத்தைப் பலகோணமாக வரைந்து, ஒவ்வொரு பக்கத்திலும் தொய்வு பூஜ்யம் என்று கொடுத்து, மெல்லிய தகடாகத் தீர்க்கிறோம். பக்கங்களை 8, 16, 64 என்று கூட்டிக்கொண்டே போனால் வட்டத்தின் விடைக்குப் போக வேண்டும் அல்லவா? போகாது. கான்கிரீட்டுக்கு நடுத் தொய்வு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவான ஒரு விடைக்குப் போய், அங்கேயே நின்றுவிடும். நேர்க்கோட்டுப் பக்கம் ஒவ்வொன்றும் விளிம்போரச் சரிவைப் பிடித்துவிடுகிறது, கோணங்களில் இரண்டு திசையிலும் பிடித்துவிடுகிறது. உண்மையான வட்ட விளிம்பு அப்படிப் பிடிப்பதில்லை. இந்த முரணை 1960-களின் தொடக்கத்தில் பாபுஷ்கா எடுத்துக் காட்டினார். எண்கள் அழகாக அடங்கி நிற்கும், ஆனால் தப்பான இடத்தில். மெஷ்ஷை நுணுக்கினால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால், எனக்கு உடனே கிணற்று மூடிதான் ஞாபகம் வரும்.

இதற்கு நேர்மாறானது சாய்வுக் கல்வெர்ட் (சிறுபாலம்). தோவாளை, பூதப்பாண்டி வட்டாரங்களில் சானலை ரோடு குறுக்கே வெட்டிப் போகும் இடங்களில் பல நேர்க்கோணத்தில் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு ஸ்லாபை நான் மாடல் செய்தேன். விரிகோண மூலையில் மொமென்ட் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க ஏறிக்கொண்டே போனது. சாஃப்ட்வேரில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினேன். மூத்த இன்ஜினியர் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "ரியாக்‌ஷனைக் கூட்டிப் பார்த்தியா?" கூட்டினேன், சுமைக்குச் சரியாக இருந்தது. "அப்ப மாடல் சரி. அந்த மூலை அப்படித்தான்" என்றார். விரிகோண மூலையில் சமன்பாட்டின் விடையே எல்லையில்லாமல் ஏறும். மெஷ் நுணுக்கமாக ஆக அதைக் கூடுதலாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அங்கே ஒரு முனையின் உச்ச எண்ணை எடுக்காமல், ஸ்லாப் கனம் அளவு அகலத்துக்குச் சராசரி எடுத்துக் கம்பி போடுவது நடைமுறை. குறுங்கோண மூலை மேலே எழும்பப் பார்க்கும் என்பதையும் அன்றைக்குத்தான் கற்றேன்.

நேரம் இருந்தால் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு ஒருமுறை போய், தொட்டிக்குப் பக்கத்தில் நடந்து பாருங்கள். 1966-ல் கட்டியது, 28 தூண்கள், 115 அடி உயரம். எல்லோரும் கீழே பார்ப்பார்கள், நீங்கள் தொட்டியின் பக்கச் சுவரைப் பாருங்கள். அடியில் பிடிப்பு, தண்ணீர் அழுத்தம் மேலே பூஜ்யத்திலிருந்து அடிக்கு வர வர முக்கோணமாக ஏறும். சதுர ஸ்லாபில் பழகியவருக்கு அடுத்த பயிற்சியாக இதைவிட நல்ல தகடு கிடைக்காது. மேல் விளிம்பு விடுபட்டது என்று எடுத்து ஒருமுறையும், தாங்கல் உண்டு என்று எடுத்து ஒருமுறையும் போட்டு, தண்ணீர்த் தொட்டிகளுக்கான ஐ.எஸ். 3370-ன் நான்காம் பகுதி அட்டவணைகளோடு ஒப்பிடுங்கள். கன்னியாகுமரியில் 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலமும் தகடுதானே என்று கேட்பீர்கள். கண்ணாடி மெல்லியது, தொய்வு கனத்தில் பாதியைத் தொட்டாலே தகடு இழுவையாலும் தாங்கத் தொடங்கும், மேலே சொன்ன நேர்கோட்டுக் கணக்கு போதாமல் போகும். அதற்கு 1910-ல் வான் கார்மன் எழுதிய சமன்பாடுகள் வேண்டும். அது இந்தப் புராஜெக்டில் வேண்டாம்.

கடைசியாக ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுகிறேன், ஏனென்றால் வைவாவில் கண்டிப்பாகக் கேட்பார்கள். எண்முறையில் குணகம் 0.0442 வரும்போது, ஐ.எஸ். 456-ன் 26-ஆம் அட்டவணை ஏன் 0.056 கேட்கிறது? ஜோஹான்சன் 1943-ல் விரிவாக எழுதிய முறிகோட்டுக் கொள்கைப்படி (ஸ்லாப் எந்தக் கோடுகளில் முறியும் என்று பார்த்துப் போடுவது) சதுர ஸ்லாபுக்கு 24-ல் ஒன்று, 0.0417. கோட் அந்தக் கம்பியை முழு அகலத்துக்கும் பரப்பாமல் நடுவில் முக்கால் அகலத்துக்குள் கொடுக்கச் சொல்கிறது. 0.0417-ஐ முக்காலால் வகுங்கள், 0.056 வரும். மூலையைப் பிடிக்காத ஸ்லாபுக்கான 27-ஆம் அட்டவணை 0.062 என்கிறது. அது சுமையை இரு திசைக்கும் பாதிப் பாதியாகப் பிரித்து, பீம் மாதிரிப் போட்டால் வரும் 16-ல் ஒன்று. முறுக்கு தரும் உதவி அதில் இல்லை. ஆகவே பாதுகாப்புக்காக 1.5-ஆல் பெருக்குவதற்கு முன்னால் உங்கள் ஸ்லாபுக்கு மூலை பிடித்திருந்தால் 5.4, பிடிக்காவிட்டால் 5.95.

பிடித்திருக்கிறது என்று எடுத்தால் மூலைக் கம்பியையும் வரைபடத்தில் காட்டியாக வேண்டும்: ஒவ்வொரு மூலையிலும் இரு திசைக்கும் 80 செ.மீ. நீளம், மேலே இரண்டு அடுக்கு, கீழே இரண்டு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் நடுக்கம்பியின் பரப்பில் முக்கால் பங்கு. கம்பி கட்டுபவர் "மேல மூலையில எதுக்கு சார் இவ்வளவு?" என்று கேட்டால், அந்தக் காலண்டர் அட்டையை எடுத்துக் காட்டுங்கள்.